கில் ப்ரூயிட்டைக் குப்பையில் சேர்த்த முகாம்

பெருந்தழல் விழாவில் தலைவர் என்று யாரும் கிடையாது. நடீன் ப்ரூயிட்டிடம் இதை முதன்முதலில் சொன்னவர் 'ஒரே மூச்சு' முகாமின் தலைவர். மெகாஃபோனில் சொன்னார்.

நெவாடாப் பாலையின் வெள்ளைப் புழுதியில் ஏழு மணி நேரம் வண்டி வரிசையில் ஊர்ந்து வந்து, அப்போதுதான் அவள் இறங்கி நின்றிருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. ஃபாலன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். வண்டியின் பக்கத்து இருக்கையில், சீட் பெல்ட் போட்டபடி, ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் இருந்தது. அதற்குள் அவள் புருஷன் கில் இருந்தான்.

ஆயிரக்கணக்கானவர்கள் முகாம் முகாமாகக் கூடாரமடித்துத் தங்கும் இந்த விழாவுக்குப் பதினான்கு வருஷம் ஆகஸ்ட் மாதம் தவறாமல் கில் வந்திருக்கிறான். வெல்டர். ஒரே மூச்சு முகாமின் நிழல்பந்தல், குளியலறை, சமையல்கூடம் எல்லாமே அவன் கையால் எழும்பியவை. "வெயில்ல வெந்து சாக எனக்கென்ன பைத்தியமா?" என்று நடீன் ஒரு தடவைகூட வந்ததில்லை. போன பிப்ரவரியில் நுரையீரல் அவனைக் கொண்டுபோய்விட்டது. போவதற்கு இரண்டு நாள் முன்னால் சொன்னான்: "அங்க ஒரு மரக்கோயில் கட்டுவாங்க நடீன். ஞாயித்துக்கிழமை கொளுத்திடுவாங்க. என்னைக் கொண்டுபோய் அதுல வச்சுடு. ஜம்முன்னு போயிடறேன்."

அவள் வந்தது அந்த ஒரு காரியத்துக்காகத்தான். ஆனால் டிக்கெட் முகாமின் பெயரில் வந்தது. முகாமின் டிக்கெட்டில் வந்தவர் முகாமில்தான் தங்கவேண்டும், முகாமோடுதான் உண்ணவேண்டும், முகாமுக்குத்தான் உழைக்கவேண்டும். அதற்குப் பெயர் கூட்டு வாழ்க்கை.

"உங்களைக் கட்டிப்பிடிக்கலாமா?" என்று கேட்டார் தலைவர்.

"வேண்டாங்க."

"வேண்டாம்னு மனசு திறந்து சொன்னதுக்கு நன்றி," என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அவருடைய நிஜப் பெயர் ப்ரெஸ்டன். சாக்ரமென்டோவில் கம்பெனி மேலாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறவர். ஆட்களை வேலையை விட்டு அனுப்பும்போது அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி எப்படி அனுப்புவது என்பது பாடம். பாலையில் அவர் பெயர் தடமிலி. மண்ணில் ஒரு சுவடுகூட விடாமல் வாழ்கிறவர் என்று அர்த்தம். கணுக்கால் வரை புரளும் நெருப்புக்கோழி இறகு அங்கி அணிந்திருந்தார்.

"இங்க எல்லாருக்கும் பாலைப் பேர் உண்டு. உங்களுக்கு என்ன பேர் தோணுது, அன்புள்ளமே?"

முகாமில் எல்லோரும் எல்லோரையும் அன்புள்ளமே என்றுதான் கூப்பிடவேண்டும்.

"எனக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே. நடீன்."

தடமிலி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். பிறகு அவள் கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில் 'தயக்கம்' என்று எழுதினார். அன்றிலிருந்து ஐந்து நாள் அவளைத் தயக்கம் என்றே கூப்பிட்டார்கள். முந்நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவளை!

"கடைசியா ஒண்ணு. இங்க யாரும் யாருக்கும் கட்டளை போடறதில்லை," என்றார் தடமிலி. "அதனால தயவுசெஞ்சு நான் சொல்றதை மட்டும் செஞ்சா போதும்."

முதலில் மரக்கோயிலுக்குப் போய்விட்டு வரலாமா என்று கேட்டாள். தனியாகப் போகக்கூடாதாம். துக்கமும் பொதுச்சொத்தாம். ஞாயிறு பிற்பகல் முகாமே ஒன்றாகப் போகும், அப்போது கில்லை எல்லோருமாகச் சுமக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சரி என்றாள். அந்தச் சரியை நினைத்துப் பிற்பாடு தன் தலையில் தானே நாலு குட்டு வைத்துக்கொண்டாள்.

முகாமில் அறுபது பேர். முடிவு எதுவானாலும் அறுபது பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் இரண்டு கை விரல்களையும் காற்றில் ஆட்டுவார்கள். ஒருவர் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டினாலும் பேச்சு மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். அப்பளம் பொரிப்பது போல ஐந்து நிமிஷத்தில் முடியவேண்டிய விஷயங்கள் அங்கே அரை நாள் வெந்தன. எல்லோரும் கூடி உட்காரும் வட்டத்தில் பேச வேண்டுமென்றால் கையில் பேசும் கரண்டி இருக்கவேண்டும். அது ஒரு மரக்கரண்டி. நதி என்கிற பெண்மணி அதற்குப் பொறுப்பு. யாருக்குக் கரண்டி போகவேண்டும் என்பதைக் கரண்டியே தீர்மானிக்கும் என்று நதி சொன்னாள். பெரும்பாலும் அது தடமிலியைத்தான் தீர்மானித்தது.

சமையல்கூடத்தில் வெங்காயம் உரிக்கும் முறை நடீனுக்கு வந்தது. அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே மனுஷன் முள்ளங்கி. நிஜப் பெயர் வெண்டல். ஓய்வுபெற்ற தபால்காரர், கில்லின் கூட்டாளி.

"ஏம்மா, இவங்க பேச்சைப் பெருசா எடுத்துக்காதே," என்றார் முள்ளங்கி. "குப்பை விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இரு. அதுல கண்ணு மண்ணு தெரியாம குதிப்பாங்க."

குப்பை விஷயம் இதுதான். விழா முடிந்ததும் விழா அலுவலகத்து ஆட்கள் ஒவ்வொரு முகாமின் மண்ணையும் துழாவி, எங்கே எவ்வளவு குப்பை கிடந்தது என்று வரைபடம் போடுவார்கள். சுத்தமான இடம் பச்சை. குப்பை கிடந்தால் சிவப்பு. போன வருஷம் ஒரே மூச்சு முகாமின் நடுவில் இத்தனை பெரிய சிவப்பு. அடுத்தடுத்து இரண்டு வருஷம் சிவப்பு வாங்கினால், நடுத்தெருவிலிருந்து தூக்கி ஊர்க்கோடியில் கழிப்பறை வரிசைக்குப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

"போன வருஷச் சிவப்புக்குக் காரணம் கில்லுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காங்க," என்றார் முள்ளங்கி தயங்கித் தயங்கி. "வெல்டிங் பண்ணப்ப இரும்புப் பொடி சிந்திட்டானாம். பாதியில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான் இல்லே, பதில் சொல்ல ஆள் இல்லே. பழியைப் போட வசதியாப் போச்சு."

நடீன் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கில் தன் பெயரில்தான் முகாமைப் பதிவு செய்திருந்தான். அதனால் அலுவலகத்திலிருந்து வரைபடமும் கடிதமும் ஒவ்வொரு நவம்பரிலும் ஃபாலனில் அவள் வீட்டுக்குத்தான் வரும். போன நவம்பரில் வந்த கடிதம் அவள் வண்டியில் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை வட்டத்தில் மூன்று தடவை கையைத் தூக்கினாள். கரண்டி அவள் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் பந்தலின் மூலைக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலை மண் சிமெண்ட் போல இறுகிக் கிடக்கும். அதில் ஒரு அடி நீள ஸ்க்ரூவைத் திருகி இறக்கி, அதன் தலையிலுள்ள வளையத்தில் பந்தலை இழுத்துக் கட்டவேண்டும். கில் ஒவ்வொரு வளையத்திலும் மூன்று புள்ளி வெல்டிங் வைத்திருந்தான். பேர் எழுதுகிற ஆள் இல்லை அவன். மூன்று புள்ளி வைப்பான், அதுதான் அவன் கையெழுத்து. அவர்கள் வீட்டுக் கேட்டிலும் அதுதான் இருக்கிறது. அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் இங்கேயும் இருக்கட்டும் என்று, பிளாஸ்க்கைத் திறந்து சாம்பலில் ஒரு கைப்பிடி எடுத்து அந்த ஸ்க்ரூவின் காலடியில் வைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து முகாமின் குப்பை நடை வந்தது. அறுபது பேரும் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, இடுப்பை வளைத்து, கண்ணை மண்ணில் பதித்து, அடிமேல் அடி வைத்து நடப்பார்கள். ஜிகினாத் துண்டு, பிஸ்தாத் தோல், தலைமுடி எதுவும் தப்பாது. தடமிலி மட்டும் வளைய மாட்டார். அவர் பின்னால் நிமிர்ந்து நடந்து 'வெளியைத் தாங்கிக்கொண்டு', அதாவது மற்றவர்கள் குனிவதைப் பார்த்துக்கொண்டு, வருவார். அங்கியிலிருந்து இறகு உதிரும்.

பொறுக்கியதெல்லாம் ஒரு கண்ணாடி ஜாடியில் விழும். ஜாடியை வட்டத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொரு குப்பையையும் தூக்கிக் காட்டி, போட்டவர் எழுந்து ஒத்துக்கொள்ளும்வரை யாரும் காலை உணவைத் தொடக்கூடாது.

"பதினேழாவது," என்று நதி ஒரு சின்னப் பையைத் தூக்கினாள். "சாம்பல் நிறப் பொடி. நாப்பது கிராம். இது யாரோடது, அன்புள்ளங்களே? வெக்கப்பட வேண்டாம்."

நடீன் எழுந்தாள்.

"அது என் புருஷன்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவள் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர்கள் விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

கில் மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று முதலில் கேள்வி வந்தது. பிறகு மான்விழி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு தாடிக்காரர் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "யாரையும் புண்படுத்தச் சொல்லலை. ஆனா நம்ம முகாம் செடிகொடி உணவு முகாம். கில் ஒரு விலங்குப் பொருள். சமையல்கூடத்துலேருந்து இருபதடி தூரத்துல விலங்குப் பொருள் கிடந்திருக்கு. எனக்கு உடம்பெல்லாம் பதறுது."

அறுபது ஜோடிக் கை விரல்கள் அவருக்காக ஆடின.

"இங்க சிதறிக் கிடக்க கில்லோட சம்மதம் வாங்கினீங்களா?" என்று நதி நடீனிடம் மென்மையாகக் கேட்டாள்.

"கேட்டுப் பாக்கறேன். பதில் வர நாளாகும்."

"கோபம் தெரியுது. கோபத்தை இந்த வட்டம் வரவேற்குது," என்றார் தடமிலி. "ஆனா கரண்டி உங்ககிட்ட இல்லே."

சனிக்கிழமை முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. வெளியே நாற்பத்தொரு டிகிரி. உள்ளே, கில் போட்ட நிழலில் சாய்ந்துகொண்டு, கில் இழுத்த குழாயிலிருந்து முகம் கழுவிக்கொண்டு, கில் குப்பையா இல்லையா என்று பேசினார்கள். சூடு சொரணை இருக்கிற ஒரு ஆள் அண்ணாந்து மேலே பார்த்திருக்க வேண்டாமா? ஒருத்தர் பார்க்கவில்லை. முள்ளங்கி மட்டும் கையைக் குறுக்கே கட்டி நின்றார். அவரைத் தனியே கூட்டிப்போய் மூன்று பேர் இரண்டு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டார்கள். திரும்பி வந்தபோது கிழவர் களைத்துப்போய் விரலை ஆட்டினார்.

சாயங்காலம் தடமிலி முடிவைப் படித்தார். 'கில் ப்ரூயிட்டின் எந்தத் தடமும் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் முகாம் மண்ணில் இருக்கக்கூடாது. அதை அகற்றும் பொறுப்பு தயக்கம் அவர்களுடையது.' பிளாஸ்க்கும் நாற்பது கிராம் பையும் அவர் தங்கியிருக்கும் டிரெய்லர் வண்டியில் பத்திரமாக இருக்கும். திங்கட்கிழமை வெளியேறும் கேட்டில் ஒப்படைக்கப்படும்.

"திங்கக்கிழமையா?" நடீன் எழுந்துவிட்டாள். "நாளைக்கு சாயந்தரம் கோயிலைக் கொளுத்திடுவாங்களே. நான் வந்ததே அதுக்குத்தானே! எல்லாருமா சேர்ந்து சுமக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வழியில இன்னும் கொஞ்சம் சிந்திட்டா? இரண்டாவது சிவப்பை இந்தக் குடும்பம் தாங்காது. நான் கில்லை எவ்வளவு நேசிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, குளியலறைக் குழாயை இனி யார் சரி பண்ணுவாங்கன்னு நான் அழுதுட்டேன்."

"டிரெய்லர்ல மட்டும் இருக்கலாமா அவரு?"

"அது சக்கரத்து மேல இருக்கு. மண்ணுல படலை." கையிலிருந்த தாளை நீட்டினார். "அந்த டிரெய்லர்ல ஏசி வேற. நீங்கள்லாம் வெயில்ல இருக்கறப்ப குளிர்ல தனியா கிடக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடுங்க."

நடீன் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். எந்தத் தடமும். அகற்றும் பொறுப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறுபது பேரும் பார்த்திருக்கக் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் விரலை ஆட்டினார்கள். மான்விழி அழுதார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் வண்டியிலிருந்து கில்லின் டிரில் மெஷினை எடுத்தாள். ஒவ்வொரு ஜூலையிலும் வீட்டுக் கொல்லையில் அவன் இந்தப் பந்தலை நட்டு ஒத்திகை பார்ப்பான். ஸ்க்ரூவை ஏற்றுவதும் இறக்குவதும் இவள் வேலை. முள்ளங்கி ஒன்றும் கேட்காமல் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். மெஷின் உறுமியது. முதல் ஸ்க்ரூ மண்ணைக் கக்கிக்கொண்டு மேலே வந்தது. வளையத்தில் மூன்று புள்ளி. பையில் போட்டாள். பந்தலின் முதல் கட்டம் பொத்தென்று சரிந்தது. கீழே தியானத்தில் இருந்த பதினைந்து பேர் மேல் வெயில் இறங்கியது.

பந்தலுக்கு எட்டுக் கட்டம். குளியலறையின் குழாயும் அன்றைக்கே கழன்றது. மூன்றாவது கட்டம் விழுந்தபோது தடமிலி டிரெய்லரிலிருந்து ஓடிவந்தார். அங்கியைப் போட நேரமில்லை. அரைக்கால் சட்டையில் சாதாரண ப்ரெஸ்டனாக இருந்தார்.

"தயக்கம்! என்ன பண்றீங்க? அது எல்லாரோட சொத்து!"

நடீன் ஏணியிலிருந்து பதில் சொல்லாமல் அடுத்த தார்ப்பாயை அவிழ்த்தாள்.

"பதில் சொல்லுங்க!"

"கரண்டி என்கிட்ட இல்லையே," என்றாள்.

உடனே வட்டம் கூட்டினார்கள். இதற்கு வட்டம் கூட்டலாமா என்பதே முதல் விவாதம். நான்காவது கட்டம் விழுந்தது. வட்டம் நகர்ந்து ஐந்தாவதின் கீழ் போனது. ஐந்தாவது விழுந்தது, ஆறாவதின் கீழ் நெருக்கிக்கொண்டது. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, அன்புள்ளமே காலை எடுங்க, அன்புள்ளமே முழங்கை குத்துது என்று பேசிக்கொண்டார்கள். கூட்டு வாழ்க்கையில் அவர்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தது அன்றைக்குத்தான். வெயிலில் நின்று பேச ஒருவரும் தயாராக இல்லை.

எட்டாவது கட்டம் மட்டும் மிஞ்சியபோது நதி கரண்டியை ஏணியை நோக்கி நீட்டினாள்.

நடீன் கரண்டியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்து அதட்டல் குரல் தானாக வந்தது.

"இது போன வருஷச் சிவப்புக்கு அலுவலகம் எழுதின கடுதாசி. கேளுங்க. 'இறகு, நூத்து நாப்பது. ஜிகினா, கைப்பிடியளவு. இரும்புத் துகள், இல்லை.'" கடிதத்தை மடித்தாள். "நுரையீரல் ரெண்டும் போன மனுஷன், உக்காந்து உக்காந்து இருமிக்கிட்டே, தான் சிந்தின இரும்புப் பொடியைக் காந்தம் வச்சுப் பொறுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறியிருக்காரு. இறகு யாரோடதுன்னு நான் சொல்லணுமா? எழுந்து ஒத்துக்கட்டும். அதுவரைக்கும் யாரும் நிழலைத் தொடக்கூடாது."

அறுபது பேரும் ப்ரெஸ்டனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். "குத்தம்ங்கிறது நம்ம எல்லாருக்கும் பொதுவானது. என்னை மட்டும் பிரிச்சுப் பார்க்கறது கூட்டு வாழ்க்கைக்கு விரோதம்…"

டிரில் மெஷின் கடைசி மூலையில் உறுமியது.

"குடுத்துடுங்க!" என்று கத்தினார் மான்விழி. "பிளாஸ்க்கைக் குடுத்துத் தொலைங்கப்பா!"

நூற்றிருபது கைகளும் ஒரே சமயத்தில் மேலே போய் விரல்களை ஆட்டின. பெருந்தழல் விழாவின் வரலாற்றில் அத்தனை வேகமாக ஒரு முடிவு எடுக்கப்பட்டதில்லை என்று முள்ளங்கி பிற்பாடு சொன்னார்.

ப்ரெஸ்டன் பிளாஸ்க்கைக் கொண்டுவந்தார். ஏசியில் இருந்ததால் சில்லென்று இருந்தது. நாற்பது கிராம் பையில் 'எண் 17, இனம் தெரியாதது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நடீன் சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, சாம்பலை ஒரு பொட்டு சிந்தாமல் பிளாஸ்க்கில் கொட்டி மூடினாள்.

"கடைசிக் கட்டம் உங்களுக்கு இருக்கட்டும்," என்றாள். "அவரு ஆசையாப் போட்டது. நீங்களே பிரிச்சுக்குங்க. ஒரு தடவையாவது குனிஞ்சு வேலை செய்யுங்க."

மரக்கோயிலுக்கு அவளும் முள்ளங்கியும் மட்டும்தான் நடந்தார்கள். உள்ளே சுவரெல்லாம் ஜனங்கள் செத்தவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு நாயின் கழுத்துப்பட்டை, ஒரு கல்யாண உடுப்பு, ஒரு குழந்தையின் காலணி. நடீன் பிளாஸ்க்கை ஒரு மாடத்தில் வைத்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தாள்.

"உன்னைக் குப்பைன்னுட்டாங்க கில்," என்றாள். "நான் சும்மா விடலை."

பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முள்ளங்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு நடீன் அவரிடம் ஒரு எழுதுகோலை வாங்கி, மாடத்துக்குக் கீழே மரத்தில் மூன்று புள்ளி வைத்தாள். அன்று சாயங்காலம் கோயில் எரிந்தபோது அவள் முன்வரிசையில் நின்று கடைசிக் கட்டை விழும்வரை பார்த்துவிட்டு வண்டி ஏறினாள்.

நவம்பரில் ஃபாலன் வீட்டுக்கு, கில் ப்ரூயிட் என்று பெயரிட்டு, அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவில் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. உள்ளே வரைபடம். ஒரே மூச்சு முகாமின் இடம் முழுக்கப் பச்சை. ஒரு மூலையில் மட்டும், கடைசிக் கட்டம் நின்ற இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. அதனால் அடுத்த வருஷம் முகாமுக்குக் கழிப்பறை வரிசைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

கீழே குறிப்பு: 'ஒரு அடி ஸ்க்ரூ ஒன்று. வளையத்தில் வெல்டிங் அடையாளம் உள்ளது. முகாமினர் அகற்றத் தெரியாமல் மேலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் மூவர் சேர்ந்து முயன்றும் வரவில்லை. அங்கேயே விடப்பட்டது.'

நடீன் அதை நின்றபடியே மூன்று முறை படித்தாள். பிறகு வரைபடத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, ஒரு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு புள்ளி வைத்தாள்.